வலிக்காத பல் நல்ல பல்லா?



தொடங்கும்போதே உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வாய் எப்படி இருக்கிறது? பல், முரசு, நாக்கு எல்லாம் சுகம்தானா?

"அல்ஹம்துலில்லாஹ், சுகம்தான்" என்று உங்களில் பெரும்பாலானோர் மனதுக்குள் சொல்லியிருப்பீர்கள். நல்ல பதில். ஆனால் அந்தச் சுகத்தை எதை வைத்துச் சொன்னீர்கள் என்று இன்னொரு கேள்வி கேட்டால், "வலி ஒன்றும் இல்லையே" என்பீர்கள். வலித்தால் நோய், வலிக்காவிட்டால் சுகம். பல்லைப் பொறுத்தவரை நமது தாய்மாரும் உம்மும்மாமாரும் நமக்குத் தந்துவிட்டுப்போன அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோல் ஊரில் இருக்கும்போதும் நம்மை ஏமாற்றும். ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போய் வேறொரு மண்ணில் வாழும்போது இன்னும் அதிகமாக ஏமாற்றும். இதை நான் எந்தக் கிதாபிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

ராத்தாவின் கடைவாய்ப் பல்

எனது மூத்த ராத்தா மச்சான் மௌத்தான பின் இரண்டு பெண் பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு 2008ஆம் ஆண்டு குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். ஆறு வருடங்கள் அங்கே இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து நான் தொலைபேசியில் பேசுவேன். "சுகமா ராத்தா?" என்பேன். "அல்ஹம்துலில்லாஹ், சுகம் தம்பி" என்பார். அத்துடன் பேச்சு பிள்ளைகளைப் பற்றியும் வீட்டுச் சுவரைப் பற்றியும் போய்விடும்.

இரண்டாம் வருடத்தில் அவருடைய இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கத் தொடங்கியது. எசமானியிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்பளத்தில் வெட்டுவார்களோ, வேலைக்கு ஆகாதவள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். கராம்பை நசுக்கி வைத்தார். பனடோல் போட்டார். வங்காளதேசத்துக் கடையொன்றில் பாக்குப் பொட்டலம் கிடைத்தது. இரவில் வேலை முடிந்ததும் ஒரு துண்டுப் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு படுப்பார். வலியும் அடங்கும், ஊர் ஞாபகமும் அடங்கும்.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் வலி தானாகவே நின்றுவிட்டது. நாயன் சுகமாக்கிவிட்டான் என்று ராத்தா இரண்டு ரக்அத் தொழுதாராம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் சொன்னார்.

2014இல் ஊர் வந்து சேர்ந்து மூன்றாவது வாரம் ஒருநாள் இரவு கன்னம் வீங்கத் தொடங்கியது. விடியும்போது வீக்கம் தாடையின் கீழ், கழுத்துவரை இறங்கியிருந்தது. கடும் காய்ச்சல். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். சேலைன் ஏற்றி, சீழை வெளியேற்றி, பல்லைக் கழற்றினார்கள். பல்லிலிருந்து கிளம்பும் இப்படியான கிருமித் தொற்று கழுத்துக்குள் பரவினால் மூச்சுப் பாதையையே அடைத்து உயிரைப் பறிக்கும் என்று டொக்டர் சொன்னபோது, வாசலில் நின்ற ராத்தாவின் மகள்மார் இருவரையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீக்கம் வற்றிய பிறகு டொக்டர் வாய் முழுவதையும் பரிசோதித்தார். "எனக்கு வாயில வேற ஒரு குறையும் இல்ல டொக்டர், இந்த ஒரு பல்லுதான்" என்று ராத்தா உறுதியாகச் சொன்னார். டொக்டர் மறுத்துப் பேசவில்லை. எண்ணிக்கொண்டே போனார். இன்னும் இரண்டு கடைவாய்ப் பற்களில் ஆழமான சூத்தை. கீழ் முன்பற்களைச் சுற்றி முரசு எலும்பை விட்டு விலகியிருக்கிறது. பாக்கு ஒதுக்கிய கன்னத்தின் உட்புறத்தில், தேய்த்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு.

ஒரே வாய்தான். அதன் சொந்தக்காரி "ஒரு குறையும் இல்லை" என்கிறார். வைத்தியர் நான்கு குறைகளை எண்ணுகிறார். ராத்தா பொய் சொல்லவில்லை. டொக்டரும் மிகைப்படுத்தவில்லை. அப்படியானால் நடுவில் என்ன நடந்தது?

வலி ஏன் நின்றது?

பல்லின் வெளிப்புறத்தில் வெள்ளையாகத் தெரியும் கடினமான உறைக்கு உணர்ச்சி நரம்பு கிடையாது. சூத்தை அந்த உறையைத் துளைக்கும்போது நமக்கு எதுவுமே தெரியாது. அதைத் தாண்டி உள்ளே மஞ்சள் நிறப் பகுதிக்குள் நுழையும்போதுதான் குளிர் நீரும் இனிப்பும் கூசத் தொடங்கும். பல்லின் நடுவே இரத்தக் குழாயும் நரம்பும் குடியிருக்கும் கூழ்ப் பகுதியைத் தொட்டால் இரவு தூக்கம் பறிபோகும் வலி வரும்.

அதன் பிறகு நடப்பதுதான் பலருக்கும் தெரியாதது. கிருமிகள் அந்த நரம்பையே கொன்றுவிட்டால் வலி நின்றுவிடும். வலியைச் சொல்ல அங்கே ஆளில்லை, அவ்வளவுதான். நோய் நிற்கவில்லை. அது வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும் ஒரு நாளில் வீக்கமாக வெளிப்படும். ராத்தா சுகம் என்று நன்றி சொன்ன நாள், உண்மையில் அந்தப் பல் இறந்த நாள்.

முரசு நோயும் அப்படித்தான். பல்லில் படியும் அழுக்குப் படலம் கல்லாக இறுகி, முரசைப் புண்ணாக்கி, மெல்ல மெல்ல எலும்பை அரிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. பல் துலக்கும்போது இரத்தம் வருவது ஒன்றே அடையாளம். அதையும் "பிரஷ் பட்டுவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். புகைபிடிக்கும் ஆண்களிடம் அந்த அடையாளமும் தெரியாது. நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நோய் உள்ளே முற்றினாலும் இரத்தம் கசிவது குறைந்துவிடும்.

வைத்தியர் பார்ப்பது இதையெல்லாம். 1938ஆம் ஆண்டு கிளைன், பாமர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கு முறையை ஏற்படுத்தினார்கள். ஒருவரின் வாயில் சூத்தையான பற்கள் எத்தனை, சூத்தையால் இழந்த பற்கள் எத்தனை, அடைத்த பற்கள் எத்தனை என்று கூட்டுவது. இன்றும் உலகெங்கும் அதுவே பாவனையில் இருக்கிறது. முரசுக்கு வேறொரு அளவு. மெல்லிய கம்பியொன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். 3 மில்லிமீற்றர் வரை சரி. 4 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால் நோய் உள்ளே இறங்குகிறது என்று பொருள். இந்த எண்களில் எதுவும் நாம் கண்ணாடியில் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல.

பிறநாட்டில் இருப்பவர்கள்

உலகில் 350 கோடி பேருக்கு வாய் நோய்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உலக மக்கள் தொகையில் ஏறக்குறையப் பாதி. ஆகவே இது புலம்பெயர்ந்தவர்களுக்கு மட்டும் உரிய நோயல்ல. ஆனால் தன் வாயைப் பற்றி ஒருவர் நினைப்பதற்கும் வைத்தியர் காண்பதற்கும் உள்ள தூரம் அவர்களிடம் கூடிவிடப் பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன.

முதலாவது, ஊரிலிருந்து கொண்டுபோகும் அளவுகோல். நாற்பது வயதில் பல் ஆடுவதும் ஐம்பதில் விழுவதும் இயல்பு என்று பார்த்து வளர்ந்தவருக்கு, ஆடும் பல் ஒரு நோயாகவே தெரிவதில்லை. இரண்டாவது, பல் வைத்தியரைப் பற்றிய பயம். நம்மில் பலருக்குப் பல் வைத்தியர் என்றால் குறடுதான் ஞாபகம் வரும். கடைசிக் கட்டத்தில் போனோம், கழற்றினார்கள். கழற்றுவதற்காகவே போகும் இடத்துக்கு வலிக்காதபோது யார் போவார்கள்?

மூன்றாவது, நேரமும் பணமும் மொழியும். கூலி வேலைக்குப் போனவருக்கு ஒருநாள் லீவு ஒருநாள் சம்பளம். அந்நாட்டு மொழியில் "பல் வலிக்கிறது" என்று சொல்லிவிடலாம். "மேல் கடைவாயில் குளிர் பட்டால் மட்டும் கூசுகிறது, இரவில் கூடுகிறது" என்று எப்படிச் சொல்வது? பல குடும்பங்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் உம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர். தன் வாய் நாறுகிறது என்பதைப் பன்னிரண்டு வயது மகனின் வாயால் சொல்லவைக்க எந்த உம்மாவுக்கு மனம் வரும்?

நான்காவது, உணவு. நல்ல பல்லுடன் போனவர்களும் சிலர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்துக்கு வந்து சேர்ந்த அகதிப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபிரிக்காவிலிருந்து வந்த பிள்ளைகளிடம் சூத்தை அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே காணப்பட்டது. போன நாட்டின் சோடாவும் சொக்லட்டும் இடைவிடாத தின்பண்டங்களும் பழகியபின் அந்த நல்ல நிலை தேய்ந்துவிடக்கூடும். ஆனால் "எங்களுக்கு நல்ல பல், எங்கள் பரம்பரைக்கே சூத்தை இல்லை" என்ற எண்ணம் மட்டும் தேயாமல் மனதில் அப்படியே தங்கிவிடும்.

நம்மவர்கள் வளைகுடாவுக்குப் போகுமுன் மெடிக்கல் எடுக்கிறார்கள். இரத்தம், நெஞ்சு எக்ஸ்றே எல்லாம் பார்க்கிறார்கள். அது வேலைக்குத் தகுதி பார்க்கும் பரிசோதனை. அதில் தேறிவிட்டதால் பல்லும் சரி என்று எண்ணிக்கொள்வது நாமாக எடுக்கும் முடிவு.

கிழக்கு இலண்டனின் வெற்றிலை

இந்த விடயத்தில் நமக்கு மிக நெருக்கமான படிப்பினை கிழக்கு இலண்டனிலிருந்து வருகிறது. அங்கே டவர் ஹம்லெட்ஸ் என்ற பகுதியில் வங்காளதேச முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்களில் அதிகமானோர் சில்ஹெட் பிரதேசத்திலிருந்து போனவர்கள். பள்ளிவாசலையும் மதரஸாவையும் கொண்டுபோனது போலவே வெற்றிலையையும் கொண்டுபோனார்கள். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்வது அங்குள்ள மூத்த பெண்களின் நாளாந்த வழக்கம். வந்தவரை உபசரிப்பதற்கு, சமிபாட்டுக்கு, வாய் மணக்க, பல் உறுதிக்கு, பல்வலிக்கு என்று அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் நம் வீட்டு வெற்றிலை வட்டாவைச் சுற்றி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்குள்ள பல் மருத்துவ ஆய்வாளர்கள் புகையிலையை விட முயன்ற வங்காளதேசப் பெண்களைக் கவனித்தார்கள். மெல்வதை நிறுத்தியவர்களில் பலர் வாய் வலியைப் பற்றி முறையிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். "வெற்றிலை போட்டேன், பல் நன்றாக இருந்தது. விட்டேன், பல் வலிக்கிறது" என்றால் ஒரு சாதாரணப் பெண் என்ன முடிவுக்கு வருவார்? வெற்றிலைதான் பல்லைக் காத்தது என்றுதானே! உண்மை அதற்கு நேர்மாறானது. புகையிலையும் பாக்கும் வலியை மூடிவைத்திருந்தன. மூடியைத் திறந்ததும் ஏற்கனவே உள்ளே இருந்தது தெரிந்தது. இது புரியாததால் வலிக்குப் பயந்து மறுபடியும் வெற்றிலைக்குப் போகிறவர்கள் உண்டு. அதனால்தான் வெற்றிலையை விடச் சொல்லும்போதே பல்லுக்கும் வைத்தியம் செய்ய வேண்டும் என்பதை வைத்தியர்கள் உணர்ந்தார்கள். வைத்தியசாலைக்கு மக்கள் வரும்வரை காத்திராமல், நடமாடும் பல் வைத்திய வாகனத்தை அந்த மக்கள் மத்தியில் கொண்டுபோய் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் நடத்தினார்கள்.

புற்றுநோய் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985லேயே அறிவித்தது. 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலையும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று தீர்ப்பளித்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பதும் பாதுகாப்பான பேச்சல்ல. இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இது அடுத்த வீட்டுக் கதையல்ல, நமது கதை.

பாக்கினால் வரும் இன்னொரு நோய், கன்னத்தின் உட்தசை நார் போல் இறுகிப்போவது. முதலில் மிளகாய் பட்டால் எரியும். "வயது போனதால் காரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஆணத்தில் மிளகாயைக் குறைத்துக்கொள்வோம். பிறகு வாய் திறப்பது சிறுகச் சிறுகக் குறையும். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் அவருக்கே அது தெரியாது. புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாக வரக்கூடிய நிலை அது.

மறுபக்கமும் ஒன்று உண்டு

இதுவரை எழுதியதை வைத்து, "வைத்தியர் சொல்வதே உண்மை, நம் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் கலியாணம் முடித்து இலண்டனில் இருக்கிறார். தடுக்கி விழுந்ததில் மேல்வாயின் முன்பல் ஒன்று போய்விட்டது. அன்றிலிருந்து கையால் வாயை மறைத்தே பேசுகிறார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுடன் சிரிப்பதில்லை. பரிசோதனைக்குப் போனபோது சூத்தை இல்லை, முரசு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்களாம். "அவர்களுடைய காகிதத்தில் நான் சுகம். என் வாய்தான் கெட்டுப்போய்க் கிடக்கிறது" என்று உம்மாவிடம் அழுதிருக்கிறார்.

இங்கே கணக்கு தலைகீழாக இருக்கிறது. வைத்தியர் பற்களை எண்ணினார். அவரோ சிரிப்பை எண்ணினார். பேச்சை, சாப்பாட்டை, நாலு பேர் முன்னே நிற்கும் தைரியத்தை எண்ணினார். "பல் போனால் சொல் போச்சு" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தானே? அந்நிய நாட்டில் ஏற்கனவே தனித்துப்போன ஒரு பெண்ணுக்கு ஒரு பல்லின் இழப்பு, ஊரில் இருப்பவருக்குத் தெரிவதைவிடப் பெரியது. அதைக் கம்பியால் அளக்க முடியாது.

நான் சார்ந்த துறையிலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சுகமா?" என்று யார் கேட்டாலும் ஒரு முஸ்லிம் பெண் "அல்ஹம்துலில்லாஹ்" என்றே தொடங்குவாள். அது அவளுடைய ஈமானின் பண்பு. அவள் தன் றப்புக்கு நன்றி சொல்கிறாள். ஆய்வுக்காக வினாக்கொத்துடன் வருகிறவர் அதை "வாய் நலம்: நன்று" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். நானும் அதைத்தான் செய்தேன். ஆறு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் ராத்தா சொன்ன சுக்ரை நான் சுகம் என்று பதிந்துகொண்டேன். மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி எத்தனையோ பயான்கள் செய்தவன் நான். ஒருநாளாவது "ராத்தா, பல்லில் ஏதும் வருத்தம் உண்டா?" என்று கேட்டதில்லை.

இரண்டு சாட்சிகள்

ஒரு சாதாரணக் கொடுக்கல் வாங்கலுக்கே எழுதிவைத்து இரண்டு சாட்சி நிறுத்தச் சொல்லும் மார்க்கம் நமது மார்க்கம். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதன் வழக்கை ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்த்துவிடலாமா? எங்கே வலிக்கிறது, எதைக் கடிக்க முடியவில்லை, எதற்கு வெட்கமாக இருக்கிறது என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. எலும்புக்குள், முரசின் கீழே, நாக்கின் அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு வைத்தியர் சாட்சி. ஒருவர் இல்லாமல் மற்றவர் போதாது.

ஆகவே, பிறநாட்டில் இருக்கும் உங்கள் சகோதரியிடம், மகளிடம், கணவரிடம் அடுத்த முறை பேசும்போது "சுகமா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இவற்றையும் கேளுங்கள்.

பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? ஒரு பக்கமாக மட்டும் மென்று சாப்பிடுகிறீர்களா? எப்போதாவது கடுமையாக வலித்துத் தானாக நின்றுபோன பல் உண்டா? ஏதாவது பல் ஆடுகிறதா? மிளகாய் முன்பைவிட எரிகிறதா? இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஏதும் உண்டா? கடைசியாக ஒருவர் வெளிச்சம் பிடித்து உங்கள் வாயைப் பார்த்தது எப்போது?

இந்தக் கேள்விகளுக்கு "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் பதில் சொல்ல முடியாது. ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

அப்படியே உங்களையும் ஒருமுறை பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி, மேலண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையில் விட முடிகிறதா என்று பாருங்கள். பாக்குப் போடுபவர்களில் மூன்று விரல் நுழையாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

சில சந்தேகங்கள்

"மிஸ்வாக் செய்கிறோமே, போதாதா?" என்று கேட்பீர்கள். மிஸ்வாக் நமது சுன்னத். உகா மரக் குச்சியின் பயனை உலக சுகாதார நிறுவனமும் 1980களிலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் நம்மில் பலர் முன்பற்களில் மட்டும் நான்கு தரம் இழுத்துவிட்டு விடுகிறோம். சூத்தை விழுவதோ கடைவாய்ப் பற்களில், பல்லும் பல்லும் சேரும் இடத்தில். மிஸ்வாக்கும் செய்யுங்கள், புளோரைட் கலந்த பற்பசையால் காலையிலும் இரவு படுக்குமுன்பும் துலக்கவும் செய்யுங்கள். வுழுவில் வாய் கொப்பளிப்பது உணவுத் துணிக்கைகளை அகற்றும். பல்லில் ஒட்டியிருக்கும் படலத்தை அது அகற்றாது.

"நோன்பு காலத்தில் பல் வைத்தியம் செய்யலாமா?" 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பல்லை அடைப்பதாலும் கழற்றுவதாலும் சுத்தம் செய்வதாலும் நோன்பு முறியாது, தொண்டைக்குள் போவதை விழுங்காமல் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. றமழானைச் சாட்டி வலியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மனம் ஒப்பாவிட்டால் நோன்பு திறந்தபின் போகலாம்.

"ஆண் வைத்தியரிடம் எப்படி வாயைத் திறந்து காட்டுவது?" இன்று நம் நாட்டில் பெண் பல் வைத்தியர்கள் நிறையவே இருக்கிறார்கள். தேடிப் போங்கள். கிடைக்காவிட்டால் மஹ்ரம் ஒருவருடன் போய்க் காட்டுவதற்குத் தேவை என்ற அடிப்படையில் மார்க்கம் இடம் தருகிறது. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். நோயை மறைத்துவைக்க அதை யாரும் ஆதாரமாக்கக் கூடாது.

"பிள்ளை வயிற்றில் இருக்கும்போது?" கர்ப்ப காலத்தில் முரசு வீங்கி இரத்தம் வருவது அதிகம். அப்போது பல் வைத்தியம் செய்யக் கூடாது என்பது தவறான எண்ணம். நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியான காலம். நம் நாட்டுக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலேயே பற்பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். பிரித்தானியாவில் உள்ள உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அங்கே கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஒரு வருடம் வரையிலும் அரசாங்கத்தின் பல் வைத்தியம் இலவசம்.

சீனி வியாதி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

வெளிநாடு போக ஆயத்தமாகும் சகோதரிகளே, பாஸ்போட்டுக்கும் மெடிக்கலுக்கும் அலையும் நாட்களில் ஒருநாளை அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்கும் ஒதுக்குங்கள். அங்கே அது இலவசம். ஊரில் ஒரு காலைப் பொழுதில் அடைத்துவிடக்கூடிய சூத்தைக்கு, போன நாட்டில் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க நேரலாம். அல்லது என் ராத்தாவைப் போல ஒருவரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்ள நேரலாம்.

ராத்தாவின் கன்னத்துத் திட்டிலிருந்து சிறு தசைத்துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் பாக்கை அடியோடு விட வேண்டும், தவணைக்குத் தவணை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். விட்ட முதல் மாதம் மற்ற இரண்டு பற்களும் வலித்தன. அவற்றுக்கும் வைத்தியம் செய்தோம். இன்றுவரை தவணை தவறாமல் போய்வருகிறார்.

இப்போது எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாடு போகிறதென்றால் ராத்தா துஆச் செய்து அனுப்பப் போவார். ஸலாம் சொல்லி, தலையைத் தடவிவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, "மகள், பல்லக் காட்டினியா?" என்பதுதான். சில பிள்ளைகள் சிரிக்கும். "எனக்குப் பல்லுல ஒன்றுமில்ல மாமி" என்று சொல்லும். அப்போது ராத்தா தன் இடது கன்னத்தில் விரலை வைத்துச் சொல்வார், "நானும் அப்பிடித்தான் சொன்னன்."

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும், தூர தேசங்களில் உழைக்கும் நம் உறவுகளுக்கும் பூரண ஆபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.